பூனை நடந்த பலகை

அத்தியாயம் பதினான்கு

கிருஷ்ணம்மாவின் போன் அழைப்போடு ஜெஸ்லாவைக் கடை நடுவில் நிறுத்திவிட்டு, போன வாரம் நம் பாட்டுக்குப் போய்விட்டோம். நமக்கென்ன, ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். அவளுக்கு அந்த ஒரு இரவைக் கழிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்தளையில் புஹாரி ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடைக்கு வயது நாற்பது. மகன் ஸஜ்ஜாத் கட்டாருக்குப் போனபின், போனையாவது எடுக்கட்டும் என்று மருமகள் ஜெஸ்லாவைக் கடையில் உட்காரவைத்தார்கள். அவள் போனோடு நிற்கவில்லை. பலகைத் தரைக்கு நிறம் ஊட்டவும் மேல்பூச்சுப் போடவும் கற்றுக்கொண்டு, கடையின் வலது மூலையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டாள். அந்த மூலைக்குத் 'தரைப் பகுதி' என்று பெயரும் வைத்தாள். முதல் பெரிய வேலை சீகிரியாவில், கிருஷ்ணம்மாவின் விருந்தினர் விடுதி மேல்மாடியில். வேலை முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

"தங்கச்சி, தரையெல்லாம் கோடு கோடா இருக்குது. நீங்களே வந்து பாத்துட்டுப் போங்க" என்று போன வாரம் கிருஷ்ணம்மா சொன்னது அந்தத் தரையைத்தான்.

அந்த வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் ஜெஸ்லா தன் கைப்பட உத்தரவாத அட்டை எழுதிக் கொடுத்திருந்தாள்: 'நாய் உள்ள வீட்டுக்கு உகந்தது. ஒரு வருடத்துக்குக் கீறல் விழாது.'

வியாழக்கிழமை காலை மாமி ஸுலைஹா குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். வாசற்படியருகே மூன்று மாதிரிப் பலகைகள் இன்னும் கிடந்தன. நடுப்பலகையில் வீட்டுப் பூனை சுல்தான், வாடகை கொடுத்தவன்போலக் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"பதினொரு நாளு இவன் இதுல நடந்தான், ஓடினான், கருவாட்டுக்குப் பாஞ்சான்" என்றார் மாமி. "ஒரு கோடு விழுந்திச்சா? இப்ப மட்டும் எப்புடி விழும்? அவங்க கதிரை மேசைய இழுத்தீப்பாங்க."

மாமி சொன்னது உண்மைதான். நாய் வீட்டுக்கு எந்தப் பூச்சு தாங்கும் என்று பார்க்க ஜெஸ்லாவிடம் நாய் இல்லை. இந்த வீட்டில் நாய் இருக்கவும் முடியாது. போன மாதம் தெருநாய் ஒன்று முற்றத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதற்கே மாமி முற்றம் முழுவதையும் கழுவித் தள்ளியவர். நாலு காலும் நகமும் உள்ள பிராணி என்று பார்த்தால் சுல்தான்தான் கைவசம் இருந்தது. அதை வைத்துச் சோதித்தாள். கீறல் விழவில்லை. நிம்மதியாக அட்டையை எழுதினாள்.

இப்போது அவள் குனிந்து பூனையின் முன்காலைக் கையில் எடுத்தாள். பஞ்சுபோல இருந்தது. விரலால் மெல்ல அழுத்தினாள். உள்ளேயிருந்து நகங்கள் வெளியே வந்தன. விட்டாள். நகங்கள் திரும்ப உள்ளே போய் மறைந்துகொண்டன.

பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் நடக்கிறது. நாயால் அப்படி முடியுமா? தெருவில் நாய் போகும்போது சீமெந்தில் டக்டக்கென்று சத்தம் கேட்குமே, அது என்ன சத்தம்?

அவள் பூனையின் காலை விட்டுவிட்டு எழுந்து கடைப் பக்கம் போனாள்.

கடையில் மாமா புஹாரி வழக்கம்போலப் பெயின்ட் டின் மூடிகளில் எழுதிக்கொண்டிருந்தார். கலந்த பெயின்ட் யாருக்கு, எந்த வேலைக்கு என்று மூடியில் தடித்த பேனாவால் எழுதாமல் ஒரு டின்னும் அந்தக் கடையை விட்டு வெளியே போகாது. கடைசி மூடியை எழுதி வைத்துவிட்டு அளவுநாடாவை எடுத்தார். நேரே வலது மூலைக்குப் போய்ச் சுவரின் நீளத்தை அளந்தார்.

"பைப்காரன் திங்கக்கெழம வாறான்" என்றார், நாடாவைப் பார்த்தபடியே. "பைப் அடுக்க இந்த மூல சரியா ஈக்கும்."

"மாமா…"

"இங்க பாரு புள்ள. நான் கோவிச்சுக்கிட்டுப் பேசல்ல. போய்ப் பாப்பம். பிழை அவங்கடயா ஈந்தா உன்ட வேல உனக்கு, நான் ஒண்டும் சொல்ல மாட்டேன். பிழை நம்மடயா ஈந்தா, தரை வேல இண்டையோட முடிஞ்சிது. நாப்பது வருஷமா இந்தக் கடைச் சாமான் பிழையெண்டு ஒருத்தன் வாசல்ல வந்து நிண்டதில்ல. நீ பழையபடி போன் மட்டும் பாத்துக்க."

ஜெஸ்லா தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வது?

போன் பார்ப்பது கேவலமான வேலை அல்ல. ஆனால் பதினொரு மாதத்துக்கு முன்புவரை கடைக்கு வருகிறவர்கள் அவளை 'ஸஜ்ஜாத்ட பொஞ்சாதி' என்றுதான் கேட்டு வந்தார்கள். இப்போது 'தரைக்கு நிறம் போடுற ஜெஸ்லா மிஸ் இருக்காங்களா?' என்று கேட்கிறார்கள். தின்னர் பட்டு விரல் தோலுரிந்தும், மரத்தூள் நெஞ்சில் போய் இருமியும் சம்பாதித்த பேர் அது. அதை இழக்க அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லை.

கடையின் சின்ன லொறியை மாமாவே ஓட்டினார். பின்னால், கடை மூலையிலிருந்த வேறு நாலு மாதிரிப் பலகைகளை ஜெஸ்லா ஏற்றியிருந்தாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

தம்புள்ளையில் வழக்கம்போல மாட்டிக்கொண்டார்கள். முன்னால் முட்டைக்கோவா ஏற்றிய லொறி, பக்கத்தில் பூசணி லொறி, பின்னால் ஓயாமல் ஹோர்ன் அடிக்கும் பஸ். மாமா ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"அட்டையில நாய் எண்டுதானே எழுதின?"

"ஓம் மாமா."

"எவ்வளவு பெரிய நாயெண்டு எழுதல்லயே?"

"இல்ல."

"அது பெரிய நாயாத்தான் ஈக்கும்" என்றார், வழக்கில் பாதி வென்றுவிட்டவர்போல. "பெரிய நாய்க்கி உத்தரவாதம் இல்ல."

ஜெஸ்லா கோவா லொறியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போதே பூனை விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. பூசணி லொறி நகர்ந்தது, மாமா கியரைப் போட்டார், பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. உள்ளதைச் சொன்னால், பேச்சு தானாக நிற்கவில்லை, அவள்தான் நிறுத்திக்கொண்டாள்.

கிருஷ்ணம்மா முப்பது வருடம் ஹோட்டல் குசினியில் வெங்காயம் வெட்டியவள். சேர்த்த காசில் கீழே நாலு அறையும் மேலே ஒரு பெரிய மண்டபமுமாக இந்த விடுதியைக் கட்டினாள். எலகடுவைப் பக்கம் உடைத்த பழைய தோட்டத்துப் பங்களாவின் பலாப்பலகையை வாங்கிவந்து மேல்மாடிக்குப் போட்டிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் சீகிரியாக் குன்று தெரியும். மகன் துஷாந்த் பயணிகளைக் குன்றுக்குக் கூட்டிப்போவான், சொந்தமாக ஒரு திரீவீலும் ஓட்டுவான்.

அவன்தான் கேட்டைத் திறந்தான். "வாங்க ஹாஜியார், வாங்க மிஸ்" என்றான். முகம் கொடுத்துப் பேசக் கூச்சப்பட்டான். கோபத்தை எதிர்பார்த்து வந்த ஜெஸ்லாவுக்கு அது விளங்கவில்லை.

மேலே போனார்கள்.

தரையைப் பார்த்ததும் ஜெஸ்லாவுக்கு அழுகை முட்டியது. கருங்காப்பி நிறம் ஊட்டி, மேலே கண்ணாடிபோல மினுங்கப் பூச்சுப் போட்டு, ஏழு நாள் முழங்காலில் நின்று அவள் செய்த தரை. அதன் மேல் யாரோ வெண்கட்டியால் கிறுக்கின மாதிரி மஞ்சள் கோடுகள். கறுப்பு நிறம் கிழிந்த இடமெல்லாம் பலாமரத்தின் மஞ்சள் எட்டிப் பார்த்தது. கோடுகள் படிக்கட்டின் தலையில் தொடங்கின. திரும்புகிற இடத்தில் இன்னும் ஆழமாக இருந்தன.

மாமா தொண்டையைச் செருமினார். கோவா லொறிக்குப் பின்னால் தயார்செய்த பேச்சு வெளியே வருமுன் துஷாந்த் முந்திக்கொண்டான்.

"தப்பு எங்க பக்கம்தான் ஹாஜியார். மிஸ் எவ்வளவு அழகா செஞ்சு குடுத்தாங்க. இந்த நாய்தான் நாசமாக்கிடுச்சு. அம்மாவுக்கு அவசரம், எங்கிட்டக்கூட கேக்காம உங்களுக்குப் போன் போட்டுட்டாங்க. தம்புள்ளையில மரக்கறி லொறிக்காரர் ஒருத்தர் நாயை எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. நாளைக்குக் காலையில குடுத்துடறேன். நீங்க தரையை மட்டும் ஒருக்கா மினுக்கிக் குடுத்தீங்கன்னா போதும்."

மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாடகம் அல்ல, உண்மையான நிம்மதி. "அதுக்கென்ன தம்பி" என்றார். "மினுக்கித் தாறம். மிருகத்துக்கு நாம என்னத்தச் செய்ற?"

இவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. ஜெஸ்லா வாயைத் திறக்காமல் நின்றால் போதும், தரைப் பகுதி அவளுக்கு.

கிருஷ்ணம்மா பாலில்லாத பிளேன்டி கொண்டுவந்து வைத்தாள். கண்ணிமை வீங்கியிருந்தது. ஜெஸ்லா ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். பின்வளவில் வேப்பமரத்தடியில் ஒரு நாயைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். மாமா சொன்ன பெரிய நாயெல்லாம் இல்லை. நடுத்தர உயரம், வறுத்த கடலை நிறம். முன்னால் சோறு அப்படியே இருந்தது, ஈ மொய்த்தது.

"அதுக்கு என்ன பேரு அக்கா?"

"கடலை" என்றாள் கிருஷ்ணம்மா. பெயரைச் சொன்னதும் குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு நாளா சாப்பிடல தங்கச்சி. கட்டிப்போட்டதே கெடையாது. யானை வந்தா மொதல்ல சொல்றது அதுதான். மூணு தடவை வாழையைக் காப்பாத்தியிருக்கு. என்ன தப்புன்னு அதுக்கே தெரியல, படியையே பாத்துக்கிட்டுக் கெடக்குது."

"அம்மா, பேசி முடிச்சதுதானே" என்றான் துஷாந்த்.

ஜெஸ்லா கோப்பையைக் கீழே வைத்தாள். மாமா அவளைப் பார்த்தார். பார்க்கிற விதத்திலேயே 'வேணாம்' என்பது இருந்தது.

"தப்பு நாயில இல்ல தம்பி" என்றாள். "என்ட பிழை."

"என்ன மிஸ்?"

"நான் நாயை வச்சுச் சோதிக்கல்ல. எங்க வீட்டுல நாய் இல்ல. பூனைய வச்சுத்தான் பாத்தேன். பூனை நடக்கக்க நகத்த உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். அது எனக்கு இண்டைக்கிக் காலையிலதான் தெரியும். தெரியாமத்தான் அட்டை எழுதினேன். கறுப்பு நிறமும் பிழை, இந்த மினுக்கமும் பிழை. கடலைய லொறில ஏத்தாதீங்க."

துஷாந்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "பூனைய வச்சா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பதினொரு நாள்" என்றாள் ஜெஸ்லா.

கிருஷ்ணம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். புஹாரி ஹாஜியார் எழுந்து ஜன்னலண்டை போய் வெளியே பார்த்தபடி நின்றுவிட்டார். அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்தே ஜெஸ்லா முடிவுசெய்துகொண்டாள்: போய்விட்டது. இனிப் போன்தான்.

போவது போகட்டும், தரையையாவது சரிசெய்துவிட்டுப் போவோம் என்று நினைத்தாள். மனசு விட்டுப்போன பிறகு வேலையில் ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது. கீழே இறங்கி லொறியிலிருந்து நாலு பலகையையும் இறக்கி, பின்வளவில் வரிசையாகப் போட்டாள். ஆடாமல் இருக்க இரு பக்கமும் கல்லை முட்டுக்கொடுத்தாள். ஒன்று, மேலே போட்ட அதே கருங்காப்பி நிறம், அதே மினுக்கம். இரண்டாவது அதே கறுப்பு, ஆனால் மினுக்கமில்லாத மங்கல் பூச்சு. மூன்றாவது தேன் நிறம், மினுக்கம். நாலாவது பலாப்பலகைக்கு நிறமே ஊட்டவில்லை. தண்ணீரில் கரைக்கிற பூச்சில் மங்கல் வகை மட்டும் மூன்று கை பூசியிருந்தாள்.

"அக்கா, அவுத்து விடுங்க. இதுல ஓடவையுங்க."

கிருஷ்ணம்மா குசினிக்கு ஓடிப்போய்க் கருவாட்டுத் தலை ஒன்றைக் கொண்டுவந்தாள். சங்கிலி கழன்றதுதான் தாமதம், கடலைக்கு இரண்டு நாள் துக்கமும் மறந்துபோனது. பலகைகளின் மேல் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று பாய்ந்தது. டக்டக்கென்று அதே சத்தம்.

ஜெஸ்லா மண்ணில் குந்திக்கொண்டு கால்களையே பார்த்தாள். முதல் பலகையில் வந்ததும் நாயின் பின்கால் வழுக்கியது. வழுக்கிய கால் நிற்பதற்காக நகத்தை ஊன்றியது. கோடு விழுந்தது. நாலாவது பலகையில் கால் வழுக்கவில்லை, சாதாரணமாக மிதித்துப் போனது.

"பாருங்க" என்று அவள் தன்னையறியாமல் கத்திவிட்டாள். "அது வேணுமெண்டு கீறல்ல. விழாம நிக்கப் பாக்குது. மினுக்கம் கூடக் கூட வழுக்கும், வழுக்க வழுக்கக் கீறும்."

இருபது தடவை ஓடவைத்தார்கள். பிறகு எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஜன்னலைவிட்டு எப்போது இறங்கி வந்தாரோ, மாமாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். முதல் பலகை அசிங்கமாக இருந்தது. இரண்டாவதில் கோடு குறைவு, ஆனால் கறுப்பில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவதில் வெயிலுக்குச் சாய்த்தால் கோடு மின்னியது. நாலாவதில் கோடே இல்லை என்று சொல்லமுடியாது. இருந்தது. மரத்தின் நிறமும் கோட்டின் நிறமும் ஒன்றாக இருந்ததால் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது.

"கீறலே விழாத தரை எண்டு ஒண்டு இல்ல அக்கா" என்றாள் ஜெஸ்லா. "நான் அப்புடி எழுதியிருக்கவே கூடாது. விழுற கீறல் கண்ணுக்குத் தெரியாத தரை ஈக்கு. அது இதுதான். அதோட நகத்த மாசம் ரெண்டு தரம் வெட்டி விடுங்க, படி ஏறி வாற எடத்துல ஒரு பாய் போடுங்க."

துஷாந்துக்கு மனம் வரவில்லை. "ஆனா மிஸ், கறுப்புத் தரைதான் படத்துல எடுப்பா இருக்கு. பெரிய ஹோட்டல்ல எல்லாம் அப்புடித்தானே."

"வந்து தங்கினவங்க எழுதிட்டுப் போனதைப் படிடா" என்றாள் கிருஷ்ணம்மா. "தரையைப் பத்தி ஒருத்தராவது எழுதியிருக்காங்களா?"

அவன் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கடலை பந்து கொண்டுவந்தது, கடலை குன்றடிவரை கூடவே வந்தது, கடலை படுக்கைக்குப் பக்கத்தில் தூங்கியது. தரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "சரி, நாலாவதே போடுங்க" என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கடலை வந்து, குந்தியிருந்த ஜெஸ்லாவின் வலது கையை முழங்கைவரை நக்கிவிட்டது.

ஜெஸ்லா விறைத்துப்போனாள். பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒரு நாயின் எச்சில் அவள்மேல் பட்டதில்லை. "ஐயோ தங்கச்சி!" என்று கிருஷ்ணம்மா பதறிக்கொண்டு வாளி தேடி ஓடினாள். ஹோட்டல் குசினியில் முஸ்லிம் சமையல்காரர்களோடு வேலைசெய்தவள், நாய் எச்சில் பட்டால் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரோடு ஏழு தரம் கழுவவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

புஹாரி ஹாஜியார் வாழையடியில் ஒரு பிடி சுத்தமான மண் அள்ளிக்கொண்டு வந்தார். "நீட்டு" என்றார். முதல் தண்ணீரில் மண்ணைக் கரைத்துத் தேய்க்கச் சொன்னார். பிறகு செம்பு செம்பாக ஊற்றி, கடையில் ஆணி எண்ணிக் கொடுக்கிற அதே குரலில் எண்ணினார். "ரெண்டு. மூணு. முழங்கைக்கி மேலயும் தேய். நாலு." ஏழு முடிந்ததும் செம்பைக் கவிழ்த்து வைத்தார். "சரி. முடிஞ்சிது" என்றார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்த ஜெஸ்லாவுக்கு அந்த அமைதி இன்னும் பயமாக இருந்தது.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. அடுத்த சனிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். இழைக்க இரண்டு நாள், பூச்சுக்கு இரண்டு நாள். "மனுஷர் அடுத்த நாளே நடக்கலாம்" என்றாள் ஜெஸ்லா. "ஆனா நகம் தாங்குற அளவுக்கு இறுக ஒரு கெழம வேணும். அதுவரைக்கும் கடலை மேல ஏறக்கூடாது."

"கட்டிப்போட்டா ஊளையிடுது. ரெண்டு நாளா பக்கத்து விடுதிக்காரங்க சண்டைக்கு வர்றாங்க" என்றான் துஷாந்த். "அவுத்துவிட்டா நேரா மேல ஓடிடும். அந்த லொறிக்காரர்கிட்டயே கொஞ்ச நாளைக்கு…"

"குடுத்தா திரும்பி வராது" என்றாள் கிருஷ்ணம்மா.

ஜெஸ்லா பலகைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மாமாவும் துஷாந்தும் கேட்டருகே நின்று ஏதோ பேசினார்கள். துஷாந்த் இரண்டு கையாலும் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கியது மட்டும் தெரிந்தது. நாளைக்கே அவளுக்குப் பதிலாக வேறு யாரையோ வேலைக்கு அனுப்பப்போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் நாலந்தையைத் தாண்டினார்கள். மாமா பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நாப்பது வருஷ வியாபாரம். வாயில்லாத ஒரு பிராணில பழியப் போட்டுட்டு வரப் பாத்தேன்."

ஜெஸ்லா திரும்பிப் பார்த்தாள். அவர் வெட்கப்பட்டார். மாமா வெட்கப்பட்டு அவள் இதுவரை பார்த்ததில்லை.

"நீ பேசக்க எனக்குக் கோவம் வந்திச்சி" என்றார். "பொறகு ஜன்னலால பாத்தேன். அந்தச் சோத்துல ஈ மொச்சிக்கிட்டு ஈந்திச்சி."

வீட்டுக்கு வந்து குளித்து, உடுப்பை மாற்றி, அஸர் தொழுதுவிட்டு அவள் கடைப் பக்கம் வந்தாள். பலகைகளை இறக்கி வைக்கவேண்டும், அந்த மூலையையும் காலிசெய்து கொடுத்துவிடவேண்டும். அழக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாமா லொறியின் பின்பக்கம் நின்றிருந்தார். இழைக்கிற மெஷினை ஏற்கனவே ஏற்றியாகிவிட்டது. பக்கத்தில் தண்ணீர்ப் பூச்சு டின் ஆறு. அவற்றோடு ஒரு பழைய நாலு லீட்டர் டின். அதன் மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தார். மூடியில் அவருடைய தடித்த எழுத்து: 'மண். தரைப் பகுதி, ஜெஸ்லா.'

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகுதான் மூச்சு வந்தது.

"பைப்காரன் திங்கக்கெழம…"

"வராதே எண்டு சொல்லிட்டேன்" என்றார் மாமா. "இந்தத் தரையச் சரியாச் செய். மிச்சத்தப் பொறகு பாப்பம். அட்டைய மட்டும் இனி என்ட்டக் காட்டிட்டு எழுது."

ஜெஸ்லா சந்தோஷத்தோடு டின்னைத் தூக்கிப் பார்த்தாள். கை இழுத்தது. "ஒரு வேலைக்கி இவ்வளவு மண் என்னத்துக்கு மாமா? அங்கயும் மண் ஈக்குதானே?"

மாமா குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அங்கத்துக்கு இல்ல. இங்கத்துக்கு. நாளைக்கி நீ திரும்பி வரக்க அந்த நாயும் லொறில வரும். தரை இறுகுற வரைக்கும் நம்மட பலகைக் கொட்டில்ல வச்சிக்கொள்றம் எண்டு துஷாந்துக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"இங்கயா?"

"காவலுக்கு நாய் வைக்க நம்மட மார்க்கத்துல எடம் ஈக்கு. கொட்டில்ல பலகை ஈக்குதானே, அதுக்குக் காவல்."

"மாமிக்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

புஹாரி ஹாஜியார் சுத்தியலைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"தரைப் பகுதி யாருட?" என்று கேட்டார்.

"…என்ட."

"அப்ப நீதான் சொல்லோணும்."

அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. ஆனாலும் மாமா தொப்பியை மாட்டிக்கொண்டு அவசரமாகப் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டார். ஜெஸ்லா டின்னோடு நின்றாள். குசினிக் கதவு திறந்தது. சுல்தானை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மாமி வெளியே வந்தார்.

"அது என்னத்துக்கு புள்ள மண்ணு?" என்றார்.